கோவைக் கட்டுரையில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவைத் தொடர் குண்டுவெடிப்பின் நினைவு நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1998 பிப்ரவரி 14 அன்று தொடங்கிய அந்தக் கொடுமையில் மாண்ட 58 பேரை அது மரியாதையோடு நினைவுகூர்ந்திருந்தது. அதற்கு என் நன்றி. ஆனால், "சில நாட்களிலேயே நகரம் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது" என்ற வரியை, அப்போது அங்கே பிழைக்கப் போயிருந்த, ராமநாதபுரம் மாவட்டக் கீழக்கரைக்காரனாகிய என்னால் ஏற்க முடியவில்லை.

நான் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். ஆர்.எஸ்.புரத்தில் வெடிபொருளோடு நின்ற காரைச் செயலிழக்கச் செய்வதற்கே நாட்கணக்காயிற்று என்பது தாங்கள் அறிந்ததே. அரசு மருத்துவமனையிலும் குண்டு வெடித்திருந்ததால், ரத்தம் கொடுக்கப் போகவும் எங்களுக்கு நெஞ்சு நடுங்கியது. கடை மறுபடி திறந்தபோது, வாடிக்கையாளர்களின் பைகளை வாங்கி வைக்கும் மேசையருகே நான் நிற்க வேண்டாம் என்று முதலாளி சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். அதைச் சொல்லும்போது அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நானும் எதிர்த்துப் பேசவில்லை, ஏனென்றால் வருகிறவர்களின் பயம் உண்மையானது, கேட்பாரற்றுக் கிடக்கும் பையைக் கண்டால் எனக்கும் உயிர் பதறத்தான் செய்தது. பிறகு, தங்கியிருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். வேறு அறை தேடிப் போன இடங்களில் முதலில் பெயரைக் கேட்டார்கள், அடுத்து ஊரைக் கேட்டார்கள், ராமநாதபுரம் மாவட்டம் என்றதும் வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். உம்மா பக்கத்து வீட்டுத் தொலைபேசியருகே காத்திருப்பார் என்று தெரிந்தும், எஸ்.டி.டி. பூத்தில் நாலு பேர் காதுபட ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசக் கூசி, பேசாமலே திரும்பிய இரவுகள் உண்டு. கோவையில் முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் கோட்டைமேட்டைச் சுற்றியிருந்த சோதனைச் சாவடிகளோ ஆண்டுக்கணக்கில் நீடித்தன.

குற்றவாளிகள் யார் என்று விசாரித்து, 158 பேரைக் குற்றவாளிகளாகத் தனி நீதிமன்றம் அறிவித்தது 2007ஆம் ஆண்டில்தான். நீதிமன்றத்துக்கு ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்ட முடிவை, வீட்டு உரிமையாளர்கள் எங்கள் விஷயத்தில் வாசற்படியிலேயே எடுத்துவிட்டார்கள். குண்டுவெடிப்புக்கு முந்தைய 1997 நவம்பரில் கோவையில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதையும், அதையடுத்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 பேர் இறந்ததையும் கட்டுரையில் காணவில்லை. எந்தக் கொலையும் இன்னொரு கொலைக்கு நியாயமாகாது. ஆயினும் அந்தப் பதினெட்டுப் பேரின் வீடுகளிலும் நினைவு நாள் உண்டு.

இவை பழைய கதைகள் என்று தாங்கள் கருதலாம். 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் ஈஸ்டர் நாளில் குண்டுகள் வெடித்தன. அந்த வாரமே பெங்களூரு காவல்துறைக்கு ஒருவர் தொலைபேசியில், ராமநாதபுரத்தில் 19 பயங்கரவாதிகள் இருப்பதாகச் சொன்னார். கர்நாடகக் காவல்துறை பல மாநிலங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. தங்கள் நாளிதழில் அது முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது. சென்னையில் கல்லூரி விடுதியில் இருந்த என் மகனிடம் உடன் படித்த பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் காட்டி, உங்கள் ஊர்தானே என்று கேட்டிருக்கிறார்கள். நான் கோவையில் எதிர்கொண்ட கேள்வியை அவனும் எதிர்கொள்ள நேர்ந்ததை எண்ணி அன்று நான் உறங்கவில்லை. அழைத்தவர் முன்னாள் ராணுவ வீரரான ஒரு லாரி ஓட்டுநர் என்பதும், அவர் சொன்னது முழுப் பொய் என்பதும், அவர் கைதானதும் உடனே தெரியவந்தன. அந்தச் செய்தியைத் தாங்கள் உள்பக்கத்தின் ஓரத்தில் சில வரிகளில் முடித்துக்கொண்டீர்கள். மகனுக்கு அனுப்புவதற்காக நானே அதைத் தேடிக் கத்தரித்தேன். எச்சரிக்கை வந்தால் வெளியிடுவது பத்திரிகையின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. பொய்யென்று தெரிந்த பிறகு எங்கள் மாவட்டத்தின் பெயர் மீது படிந்ததைத் துடைப்பதும் அதே கடமையில்தான் சேரும்.

ஆகவே, எங்கள் கடற்கரையைப் பற்றி முதல் பக்கத்தில் வெளியிடும் எச்சரிக்கை பொய்யெனத் தெரிந்தால், மறுப்பையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வெளியிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு நினைவு நாள் கட்டுரை எழுதுமுன் தங்கள் செய்தியாளரை ஒரு நாள் கீழக்கரைக்கு அனுப்பி வைத்தால், அந்நாளில் கோவைக் கடைகளில் வேலை பார்த்தவர்களை நானே அழைத்து வந்து பேச வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கீழக்கரை.