இருளர் பிள்ளைகளுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

திருப்போரூர் பக்கத்து இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பரிசோதிக்கும் வேலையில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி அங்கன்வாடி டீச்சருக்கு. பிளாஸ்டிக் கட்டைகளையும் படப் புத்தகத்தையும் நீட்டியபோது பிள்ளைகள் வாயே திறக்கவில்லை. டீச்சர் அவற்றை ஓரமாக வைத்துவிட்டுப் புளியங்கொட்டையும் நத்தை ஓடும் கொண்டுவந்தார். அதே பிள்ளைகள் எண்ணினார்கள், அடுக்கினார்கள், ஏரியில் நண்டு பிடித்த கதையெல்லாம் சொன்னார்கள். பழகாத பொருளைப் பார்த்து மலைத்து நிற்கும் பிள்ளையை வளர்ச்சி குன்றியவன் என்று எழுதிவிடுவது அநியாயம். "இவங்க பிள்ளைங்க அப்படித்தான்" என்று சொல்லி, உண்மையிலேயே உதவி தேவைப்படுகிற பிள்ளையை விட்டுவிடுவது அதைவிடப் பெரிய அநியாயம். 18 மாதமாகியும் நடக்காத பிள்ளை எந்தக் குடியில் பிறந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டிய பிள்ளைதான்.

அப்புறம், கிராம சுகாதார செவிலியர் அக்கா. 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டப்படி மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வரவேண்டும். ஆனால் தை பிறந்தால் பாதிக் குடும்பங்கள் செங்கல் சூளையில் இருக்கும். குழு வரும் நாளில் பிள்ளை ஊரில் இருக்காது. அக்கா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு சூளைக்கே போனார். அவர் போயிருக்காவிட்டால் சில பிள்ளைகளின் பெயரே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

பேச்சு வரவில்லை என்று கூட்டிவந்த பிள்ளைக்கு முதலில் காதைப் பார்த்த எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை டாக்டருக்கு நன்றி. சீழ் வடிகிற காதோடு வளரும் பிள்ளைக்குப் பேச்சு எப்படி வரும்? ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துக் கொடுத்தார். சின்ன வயதில் இரும்புச்சத்து குறைந்தால் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும்.

வேளச்சேரி, அடையாறு நண்பர்களே, பஸ் காசோடு அன்றைய கூலியையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். எழும்பூருக்கு ஒருநாள் வந்துபோனால் அம்மாவுக்கு அன்று கூலி இல்லை. இதைக் கேட்காமலே புரிந்துகொண்டீர்கள்.

முட்டுக்காட்டில் இருக்கும், பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்தில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை, வேலை முடிந்து வந்த களைப்பிலும் பிள்ளைகளுக்குச் செய்துவிடும் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் என்ன சொன்னாலும் போதாது. சிகிச்சையில் பெரும்பங்கு அவர்கள் கையில்தான் நடக்கிறது.

அடுத்த பரிசோதனை மார்கழியில். சூளை வேலை தொடங்குவதற்குள் முடித்துவிட வேண்டும், முடிந்தவர்கள் வாருங்கள்.

நன்றியுடன்,
தன்னார்வலர்கள் சார்பில்,
வேளச்சேரி, சென்னை