மர்ம நாவல் எழுதுவோருக்கு: துப்பை எங்கள் கண்முன் வையுங்கள்

அன்புள்ள மர்ம நாவல் எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். கொலையாளி யாரென்று தெரிந்ததும் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டுகிற வாசகன் நான். துப்பை எங்கே வைத்தீர்கள், நான் எப்படிக் கோட்டை விட்டேன் என்று கண்டுபிடிப்பதில் தனிச் சுகம் உண்டு. ஆனால் இப்போதெல்லாம் பல நாவல்களைப் புரட்டினால் அங்கே ஒன்றுமே இருப்பதில்லை.

கடைசிப் பத்துப் பக்கத்தில் எங்கிருந்தோ ஓர் இரட்டைச் சகோதரன் வந்து குதிக்கிறான். இல்லையென்றால், ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு கடிதத்தைப் படித்துத் துப்பறிபவர் புன்னகைக்கிறார். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை முப்பதாம் அத்தியாயத்தில்தான் எங்களுக்குச் சொல்கிறீர்கள். இவை இரண்டுமே கூடாது என்று ஆங்கிலத் துப்பறியும் கதாசிரியர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் எழுதிய பத்து விதிகளிலேயே இருக்கிறது. குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும் என்பதும் அவர் விதிதான். அந்தப் பத்தில் சில இன்று வழக்கொழிந்துவிட்டன. இந்த மூன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எங்களைத் திசைதிருப்ப எதையும் ஒளிக்கவே வேண்டாம். இறந்தவரின் மேசையை விவரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உறைக்குள் மூக்குக் கண்ணாடி, அப்போதுதான் எழுதிய காசோலை, நின்றுபோன கடிகாரம், ஓரத்தில் ரத்தக்கறை. எங்கள் கண் நேராக ரத்தக்கறைக்குப் போகும். கொஞ்சம் விவரமானவர்கள் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்று இரண்டு அத்தியாயம் முன்பு அவர் மனைவி அலுத்துக்கொண்டது யாருக்கும் நினைவிருக்காது. கண்ணாடி உறைக்குள் இருக்கிறதென்றால் அந்தக் காசோலையை எழுதியது யார்? எல்லாம் கண்முன்னே இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. இப்படித் தோற்பதற்காகத்தானே படிக்கிறோம்!

அப்புறம், பாத்திரங்கள். சந்தேகத்தை வளர்ப்பதற்கென்றே ஒருவனை இருட்டில் நடக்கவிட்டு, முகத்தில் தழும்பு வைத்து, கடைசியில் அவனுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை என்று கைகழுவிவிடுகிறீர்கள். அவனுக்கென்று ஒரு ரகசியம் கொடுங்கள். கொலை நடந்த இரவில் வீட்டில்தான் இருந்தேன் என்று ஒரு பெண் பொய் சொல்கிறாள். உண்மையில் தன் நோயைக் குடும்பத்துக்குத் தெரியாமல் மறைத்து, மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தாள். அந்தப் பொய் அவிழும்போது கொலையைப் பற்றிய எங்கள் சந்தேகம் தீரும், ஆனால் அவளைப் பற்றிய கவலை தொடங்கும். எனக்குத் தெரிந்து, நல்ல நாவலாசிரியர்கள் செலவழிக்கிற உழைப்பில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் போகிறது.

எல்லாவற்றையும் கடைசிவரை பொத்தி வைத்தால்தான் பதைபதைப்பு வரும் என்பதும் சரியில்லை. மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. முன்பே தெரிந்துவிட்டால் 15 நிமிடப் பதைபதைப்பு என்று திரைப்பட இயக்குநர் ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். நாவலுக்கும் இது பொருந்தும்.

அடுத்த கைப்பிரதியை அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால், கொலையாளியின் பக்கம் உட்கார்ந்து ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவர் எங்கே இருந்தார், அவருக்கு என்ன தெரிந்திருந்தது, அதில் எங்களுக்கு எவ்வளவு காட்டினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே காட்டாத அத்தியாயங்கள் தொடர்ந்து வந்தால், அங்கே மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகன்