லிக்விட் கூலர் இப்போதைக்கு வேண்டாம்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படங்களையும் எண்களையும் நிதானமாகப் பார்த்தேன். உன் கணினியின் பிராசசர் சும்மா இருக்கும்போதே 62 டிகிரி, ரெண்டர் (படத்தை உருவாக்கும் கனமான வேலை) போட்டதும் 95, அப்புறம் வேகம் 4 கிகாஹெர்ட்சிலிருந்து 3-க்குப் பக்கத்தில் விழுந்துவிடுகிறது. கடைக்காரர் லிக்விட் கூலர், அதாவது திரவத்தை ஓடவிட்டுக் குளிரவைக்கும் கூலர், போட்டால் சரியாகிவிடும் என்கிறார். அவர் உன் கேபினெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றும் நீயே எழுதியிருக்கிறாய். அப்புறம் எதை வைத்துச் சொன்னார்? பணத்தை எடுக்காதே. முதலில் சூடு எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்போம்.

சிப் எரிந்துபோகுமோ என்று பயப்படாதே. உன் ரைசன் 5 3600 பிராசசருக்கு அதைத் தயாரிக்கும் ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 95 டிகிரி. அதைத் தொட்டதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். நீ பார்க்கும் மந்தம் அதுதான். 2001-ல் ஒரு சோதனை வீடியோ வந்தது. எங்கள் லேபில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினோம். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹீட்சிங்கை, அதாவது பிராசசரின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகக் கட்டியை, கழற்றினார்கள். ஏஎம்டியின் அன்றைய ஆத்லான் பிராசசர் புகைந்து செத்தது, இன்டெலின் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. இன்றைக்கு வரும் எல்லா பிராசசருக்கும் அந்தத் தற்காப்பு உண்டு. அதற்காக மாதக்கணக்கில் 95-லேயே ஓட்டலாம் என்று அர்த்தமில்லை.

இன்னொன்று. சும்மா இருக்கும்போது எண் 45-க்கும் 55-க்கும் இடையே துள்ளுகிறது என்றால் அது இந்தத் தலைமுறை ரைசனின் சுபாவம். பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களில் ஒன்று ஒரு நொடி விழித்துப் படுத்தால்கூட அளவி பத்து டிகிரி கூட்டிக் காட்டும். ஆனால் உன்னுடையது துள்ளவில்லை, 62-லேயே உட்கார்ந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 2 சதவீதம்தான் என்று படத்திலேயே தெரிகிறது. அதனால் பின்னால் ஏதோ புரோகிராம் திருட்டுத்தனமாக ஓடுகிறது என்ற சந்தேகத்தை விட்டுவிடலாம்.

சூடு போகும் வழி இதுதான். சிப்பிலிருந்து மேலே இருக்கும் உலோக மூடி, அங்கிருந்து பேஸ்ட் (மூடிக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் இடைவெளியை நிரப்பப் பூசும் பசை), பேஸ்ட்டிலிருந்து ஹீட்சிங்க், அதன் தகடுகளிலிருந்து காற்று, அந்தக் காற்று கேபினெட்டை விட்டு வெளியேறி உன் அறை. இதில் எங்கே அடைத்தாலும் திரையில் ஒரே 95தான் தெரியும். எங்கே அடைப்பு என்பதை எண் சொல்லாது. எவ்வளவு நேரத்தில் அந்த எண்ணுக்கு ஏறியது என்பதுதான் சொல்லும்.

அதைத்தான் நீ அனுப்பிய வரைபடத்தில் தேடினேன். ரெண்டர் பொத்தானை அழுத்தியதும் கோடு செங்குத்தாக ஏறி, சில நொடிகளிலேயே 88-ஐத் தொடுகிறது. தூசி அடைத்திருந்தாலோ கேபினெட்டுக்குள் காற்று நின்றிருந்தாலோ இப்படி ஏறாது. ஹீட்சிங்க் ஒரு அலுமினியக் கட்டி. அது முழுக்கச் சூடாகவே கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் கோடு சாய்வாக, ஐந்து பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறும். செங்குத்தாக ஏறுகிறது என்றால் சூடு ஹீட்சிங்குக்கே போய்ச் சேரவில்லை. சிப்புக்கும் அலுமினியத்துக்கும் நடுவில்தான் கோளாறு. உறுதி செய்துகொள்ள வேண்டுமா? ரெண்டர் ஓடும்போது ஹீட்சிங்கின் ஓரத்தைத் தொட்டுப்பார். ஃபேன் இறக்கையில் விரல் படாமல், பார்த்து. திரையில் 95 இருக்க, அலுமினியம் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் நான் சொன்னது சரி.

போன மாதம் வீடு மாறினாயே, கேபினெட் டெம்போவில் எப்படி வந்தது? கூலரைக் கழற்றாமல்தானே கொண்டுவந்தாய்? 2020-ல் நீ அசெம்பிள் செய்தபோது டப்பாவோடு வந்த பேஸ்ட் அது. அத்தனை வருடச் சூட்டில் காய்ந்து இறுகியிருக்கும். அந்த நிலையில் குலுங்கினால் ஒட்டு விட்டு நடுவில் காற்று புகுந்துவிடும். பிளஸ் டூவில் படித்த வெப்பக் கடத்துத்திறனை ஞாபகப்படுத்திக்கொள். அலுமினியத்துக்கு 200-க்கு மேல், நல்ல பேஸ்ட்டுக்கு 5 முதல் 10 வரை, காற்றுக்கு 0.03கூட இல்லை. பேஸ்ட் ஒன்றும் பெரிய கடத்தி இல்லை, காற்றை விட எவ்வளவோ மேல், அவ்வளவுதான். அதனால் அது மெல்லிசாக இருக்க வேண்டும், ஆனால் இடைவெளி விடக்கூடாது. அதிலும் உன் பிராசசரில் கோர்கள் இருக்கும் துண்டு வெறும் 74 சதுர மில்லிமீட்டர். சூட்டில் பெரும்பகுதி அந்தச் சின்ன இடத்தில்தான் கிளம்புகிறது. அதன் மேலே ஒட்டு விட்டால் மற்ற இடமெல்லாம் சரியாக இருந்தும் பிரயோஜனமில்லை.

கழற்றும்போதுதான் கவனம் வேண்டும். இந்த இடத்தை மட்டும் அவசரமாகப் படிக்காதே. முதலில் பத்து நிமிடம் ஏதாவது வேலை கொடுத்துச் சூடாக்கு. பேஸ்ட் கொஞ்சம் இளகும். அப்புறம் அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடு. உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் போய்விடும். கேபினெட்டைப் படுக்கவைத்துவிட்டுத்தான் திருகைத் தொட வேண்டும். உன் ரெய்த் ஸ்டெல்த் கூலரின் நான்கு திருகுகளும் மதர்போர்டுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில்தான் பிடித்திருக்கின்றன. நிற்கவைத்துக் கழற்றினால் அந்தத் தகடு பின்பக்கம் விழுந்துவிடும், அப்புறம் அதைப் பிடிக்க மதர்போர்டையே கழற்ற வேண்டிவரும். திருகுகளை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் இரண்டு இரண்டு சுற்றாகத் தளர்த்து. எல்லாம் வந்ததும் நேராக மேலே இழுக்காதே. இடமும் வலமுமாக லேசாகத் திருகித் திருகி, தானாக வழுக்கி வந்ததும் தூக்கு. நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் பிராசசரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதைப் பிடித்திருக்கும் லிவர் பூட்டியிருந்தாலும் வரும். அடியில் 1331 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் உன் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் வேலைதான்.

கழற்றியதும் எதையும் துடைக்காமல் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அனுப்பு. பேஸ்ட் எந்த இடத்தில் பரவவில்லை என்று அதில் தெரிந்துவிடும். நம் ஊகம் சரியா என்பதற்கு அதுதான் சாட்சி.

துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் வாங்கிக்கொள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்த சர்வீஸ் சாமான் கடையிலும் கிடைக்கும். நகத்தால் சுரண்டாதே, ஸ்க்ரூடிரைவரால் வேண்டவே வேண்டாம். நூல் பிரியாத துணியில் நனைத்துத் துடைத்தாலே வந்துவிடும். புதுப் பேஸ்ட் மூடியின் நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும். விரலால் தேய்த்துப் பரப்ப வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி தூக்காதே, நடுவில் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். திருகுகளைப் பழையபடி எதிர்மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு. ஃபேன் வயரை சிபியு ஃபேன் என்று எழுதிய நான்கு ஊசி இணைப்பில்தான் செருக வேண்டும். வயர் இறக்கையில் உரசவில்லையே என்று மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடு.

கூலர் கையில் இருக்கும்போதே தூசியையும் தட்டிவிடு. பால்கனிக்குக் கொண்டுபோய்ப் பெயிண்ட் பிரஷால் தட்டினால் போதும், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள். வாக்குவம் கிளீனர் வேண்டாம், அதன் குழாயில் நிலைமின்சாரம் சேரும்.

வீடியோ காலில் உன் மேசையைப் பார்த்தேன். கீழே கதவு போட்ட மர அறைக்குள் கேபினெட்டைத் தள்ளி வைத்திருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் வெளியே தள்ளிய சூட்டையே அது மறுபடி உள்ளே இழுக்கிறது. கதவைக் கழற்றிவிடு அல்லது வெளியே எடுத்து வை, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு. முன் ஃபேன் உள்ளே இழுக்கிறதா, பின் ஃபேன் வெளியே தள்ளுகிறதா என்பதை ஒரு டிஷ்யூ பேப்பரைக் காட்டினால் தெரிந்துவிடும். அப்புறம் சென்னை. ஏசி போட்ட 25 டிகிரி அறையில் 72 காட்டும் இயந்திரம், மே மாதம் மின்விசிறி மட்டும் ஓடும் 38 டிகிரி அறையில் 85 காட்டும். அது கோளாறு இல்லை. இந்த மாதிரி எந்தக் கூலரும், லிக்விட் கூலரும் சேர்த்துத்தான், அறையின் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. அதனால் எண் குறிக்கும்போதெல்லாம் அறை வெப்பத்தையும் பக்கத்தில் எழுது.

இதெல்லாம் செய்தும் ரெண்டரில் 90-ஐத் தாண்டினால் இரண்டு வழி. கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாசில் ஈகோ மோடு போட்டால் 65 வாட் சிப் 45 வாட் கணக்கில் ஓடும். ரெண்டர் கொஞ்சம் மெதுவாகும், செலவு இல்லை. அல்லது செம்புக் குழாய் வைத்த ஒரு சாதாரண டவர் கூலர். உன் ஸ்டெல்த் முழுக்க அலுமினியம், உயரமும் இல்லை. ஆறு கோரும் முழு மூச்சில் ஓடும்போது அது திணறுவது உண்மைதான். லிக்விட் கூலரில் பம்ப் என்று கெட்டுப்போகக் கூடுதலாக ஒரு சாமான் இருக்கிறது. இந்தச் சிப்புக்கு அது தேவையே இல்லை என்பது என் கணக்கு. வேறு சிப்பாக இருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இடையில் ஒருமுறை மொத்தமாக அணைந்துபோனது என்றாயே, அதை இதோடு சேர்க்காதே. சூடு மட்டும் காரணமென்றால் முதலில் வேகம் குறையும், கிட்டத்தட்ட எப்போதும் அதோடு நின்றுவிடும். பேஸ்ட் மாற்றி 80-க்குக் கீழே வந்த பிறகும் அணைந்தால் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டியிருக்கும். அதை நீ திறக்காதே, உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்.

சனிக்கிழமை உட்கார்ந்து செய். ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிக்காதே. முடித்ததும் சினிபெஞ்ச் என்ற பிராசசர் சோதனை மென்பொருளில் பத்து நிமிடச் சோதனையை ஓட்டி, அறை வெப்பத்தோடு எண்களை அனுப்பு. அப்பா பக்கத்தில் இருந்து, பேஸ்ட் டியூபைத் தீபாவளிக்கு வரும்போது கொண்டுவரச் சொல்கிறார், நம் வீட்டுக் கணினிக்கும் போட வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா