மூடிய தோல் ஷாப், ஷூ கம்பெனிகளின் பழைய பதிவேடுகளைக் காப்பாற்றக் கோரி மனு

அனுப்புநர்
ஆம்பூர் வட்டார ஓய்வுபெற்ற ஷூ கம்பெனி, தோல் ஷாப் தொழிலாளர்கள்

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருப்பத்தூர் மாவட்டம்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பக்கம் ஒரு தோல் ஷாப்பையோ (தோல் பதனிடும் ஆலை) ஷூ கம்பெனியையோ மூடினால் மெஷினை விற்கிறார்கள், கூரையைப் பிரிக்கிறார்கள், கடைசியில் ஆபீஸ் ரூமில் கிடக்கும் வருகைப் பதிவேடு, சம்பளப் புத்தகம் எல்லாம் மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. அதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மனு.

எழுதுகிற நான் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தார். பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடி தளர்ந்ததும் எடுத்து, வளைந்த கத்தியால் சதையைச் சீவி, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதப்படுத்துவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் பக்கம் முழுக்க இதே வேலைதான், அப்போது தோல் தோலாகவே கப்பலேறியது. 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியை இறுக்கிப் பிடித்த பிறகுதான் ஷூ அப்பரும் (ஷூவின் மேல்பாகம்) அப்புறம் முழு ஷூவும் இங்கே பெருகின. ஆட்களும் மாறினார்கள். தொட்டியில் நின்றது ஆண்கள், தையல் மெஷினில் உட்கார்ந்தது பெரும்பாலும் நாங்கள்.

அப்பர் தைப்பது லேசான வேலை இல்லை. கட்டிங்கிலிருந்து வரும் துண்டின் ஓரத்தை ஸ்கைவிங் மெஷினில் மெலிதாகச் சீவி, சொல்யூஷன் என்கிற பசை தடவி, மடித்து, சுத்தியால் தட்டி, அதற்கப்புறம்தான் ஊசி. ஓரம் கொஞ்சம் தடித்துப் போனாலும் தையல் கோணும், சூப்பர்வைசர் துண்டுக் கட்டு மொத்தத்தையும் திருப்பிப் போட்டுவிடுவார். சொல்யூஷன் வாடையில் மதியச் சோறு இறங்காது.

ஊரைப் பற்றி யார் எழுதினாலும் எத்தனை கோடி ஏற்றுமதி, எந்த நாட்டு பிராண்டு என்றுதான் எழுதுகிறார்கள். இல்லாவிட்டால் 1996-ல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு பற்றிச் சொன்ன தீர்ப்பு. அது வேண்டிய தீர்ப்புதான், நிலமும் கிணறும் கெட்டது உண்மைதானே. ஆனால் அதே தண்ணீரில் முழங்கால் வரை நின்றவர்கள், பெரும்பாலும் தலித் மக்களும் ஏழை இஸ்லாமியர்களும், எந்தக் கணக்கில் வந்தார்கள்? 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டி உடைந்து 10 பேர் செத்தபோது நாலு நாள் பேசினார்கள், அவ்வளவுதான். எங்கள் பெயர் எழுத்தில் இருக்கிற ஒரே இடம் அந்தப் பதிவேடுகள்தான்.

வரலாறு மட்டும் இல்லை, காசு விஷயமும் இருக்கிறது. பி.எஃப். பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருட சர்வீஸ் காட்ட வேண்டும். கம்பெனி பெயர் மாறும், பி.எஃப். நம்பர் மாறும், ஒரு புத்தகத்தில் வீட்டுப் பெயர், ஆதாரில் வேறு பெயர். வேலை செய்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்டால் கையைத்தான் காட்ட வேண்டும். குறைந்தபட்ச பென்ஷன் மாதம் 1,000 ரூபாய், அதுவும் கிடைக்காமல் போன பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

ஆகவே, மூடிய அல்லது இடிக்கப்போகும் கம்பெனிகளின் பழைய பதிவேடுகளைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறை மூலம் எடுத்து வைக்க உத்தரவிட வேண்டும். ஆம்பூரில் ஏதாவது ஓர் அரசுக் கட்டடத்தில் ஒரு ரூம் போதும். அவற்றைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றி, பி.எஃப். அலுவலகம் சான்றாக ஏற்றுக்கொள்ள நீங்கள் பேசித் தர வேண்டும். கூடவே பழைய தொழிலாளர்கள் சொல்வதையும் பதிவு செய்யலாம். தொட்டி வேலை செய்தவர்கள் இன்னும் சில பேர்தான் இருக்கிறார்கள், அவர்களை முதலில் கேளுங்கள்.

எந்தெந்தக் கம்பெனி பூட்டிக் கிடக்கிறது என்று பார்க்க வி.ஏ.ஓ.வை அனுப்பினால் நாங்களே கூட வந்து காட்டுகிறோம். சில இடங்களில் கூரை பிரிக்கும் வேலை இப்போதே நடக்கிறது, அதனால் இந்த மனுவை வழக்கமான வரிசையில் வைக்காமல் இந்த வாரமே பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், ஆம்பூர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித் தாளில்)