கயிற்றில் இரண்டு முடிச்சு

மண்டபம்

அன்புள்ள தாயி,

நீ அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். நீ கோச்சிங் கொடுக்கும் கூடைப்பந்துப் பிள்ளைகளில் நான்கு பேர் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார்கள், ஒருத்தி மட்டும் உள்ளே. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. "பந்தை உள்ளே கொண்டுபோகச் சொல்லித்தராமல் இதென்ன கோச்சிங்?" என்றேன். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "நீங்க அவளை உட்கார வைச்ச கதை மறந்துபோச்சா?" என்று கேட்டாள். அதோடு என் வாய் அடைத்துப்போச்சு.

மறக்கவில்லை. நீ பத்தாவது படித்த வருஷம். தூரத்தில் நின்று மூன்று ஷூட் பண்ணினாய், ஒன்றுதான் விழுந்தது. ஊரே பார்க்கத் திட்டி பெஞ்சில் உட்கார வைத்தேன். உனக்குப் பதிலாக இறங்கியவளும் பக்கத்தில் போய் மூன்று போட்டாள், அவளுக்கும் ஒன்றுதான் விழுந்தது. அவளை முதுகில் தட்டிக்கொடுத்தேன். கோட்டுக்கு வெளியிலிருந்து விழுந்தால் மூன்று, உள்ளேயிருந்து விழுந்தால் இரண்டு; உன் கணக்கில் மூன்று புள்ளி, அவள் கணக்கில் இரண்டு. இத்தனை வருஷம் கழித்துத்தான் அந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கிறேன்.

இப்போது பழைய நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் த்ரீ பாயிண்டர் நூற்றில் 35 விழுந்தாலே 105 புள்ளி. கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று நூற்றுக்கு 40 போட்டாலும் 80தான். மூன்றாம் வகுப்புக் கணக்கு! ஆனால் மரமண்டை நான் மட்டும் இல்லை. அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் இந்தக் கோடு வந்தது 1979-ல். அந்த முதல் சீசனில் ஒரு அணி ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று தடவைகூட அங்கிருந்து ஷூட் பண்ணவில்லை. 2024-25 சீசனில் அது முப்பத்தேழைத் தாண்டிவிட்டது. நடுவில் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கரி 2015-16-ல் ஒரே சீசனில் 402 த்ரீ போட்டுக் காட்டினார். அதற்கப்புறம் யாரால் வாய் திறக்க முடியும்?

என் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. நம் கோர்ட் கடலைப் பார்த்துத் திறந்து கிடந்தது. ஆடியில் கச்சான் காற்று அடித்தால், ரிங்குக்கு நேரே விட்ட பந்து போர்டின் ஓரத்தில் போய் இடிக்கும். உப்புக்காற்றில் ரிங்கே துருப்பிடித்துத் தொங்கும். அந்தக் காற்றுக்குப் பயந்துதான் "கிட்டப் போ, கிட்டப் போ" என்று கத்தினேன். உள்ளரங்கத்தில் ஆடும் உன் பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அந்தக் கோட்டை நாம் போட்டது ஞாபகம் இருக்கிறதா? ரிங்குக்கு நேர் கீழே ஆணி அடித்து, வலைக்கயிற்றில் 6.25 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு, நீ நுனியைப் பிடித்துச் சுற்றிவர நான் சுண்ணாம்பு தூவுவேன். நீ கல்லூரிக்குப் போன 2010-ல் சர்வதேச விதியில் அதை 6.75 ஆக்கினார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி இன்னொரு முடிச்சு போட்டேன்.

சரி, தோற்றதை ஒப்புக்கொண்டாகிவிட்டது. இனி கோச்சுக்கு கோச்சாக ஒன்று. வீடியோவில் உள்ளே நிற்கிற அந்தப் பெண்ணுக்குக் கடைசிப் பத்து நிமிஷத்தில் ஒரு பாஸ்கூட வரவில்லை. அவள் பந்தோடு உள்ளே புகுந்து இரண்டு பேரை இழுத்தால்தான் மூலையில் நிற்பவளுக்குக் கை தூக்க இடம் கிடைக்கும். அங்கே தூரமும் கொஞ்சம் குறைவு, 6.60 மீட்டர். இன்னொன்று, தூரத்து ஷூட் தவறினால் பந்து தூரமாகத் தெறிக்கும். உன் பிள்ளைகள் ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் தெறிக்கும் பந்தைப் பிடிக்க, ரிங்கடியிலேயே குவிகிறார்கள்.

2018-ல் என்.பி.ஏ. அரையிறுதித் தொடரில் ஹூஸ்டன் அணி கோல்டன் ஸ்டேட்டோடு ஆடிய ஏழாவது ஆட்டத்தைப் போட்டுப் பார். ஹூஸ்டன் 44 த்ரீ போட்டு ஏழுதான் விழுந்தது. நடுவே வரிசையாக 27 தவறியது. இடைவேளையில் முன்னிலையில் இருந்தவர்கள் அவர்கள்தான், ஆனால் கடைசியில் தோற்றார்கள். அந்த மாதிரி ஒரு நாள் உனக்கும் வரும். அன்றைக்கு உள்ளே போய், எதிராளியின் ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ வாங்கித்தர ஒருத்தியை இப்போதே தயார் பண்ணு.

பூஜை லீவுக்கு வரும்போது ஒரு நல்ல பந்து வாங்கி வா, இங்கே இருப்பது வழுக்கையாகிவிட்டது. அந்தக் கயிற்றை உன் அம்மா கொல்லையில் துணிக்கொடியாகக் கட்டியிருக்கிறாள். முடிச்சு இரண்டும் அப்படியே இருக்கின்றன.

அப்பா