‘வேலைக்கான உரிமை’ என்று எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க மாநிலங்களில் தொழிற்சங்கக் கட்டணத்தைச் சுற்றி நடக்கும் வழக்காடலைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளியான கட்டுரையைப் படித்தேன். ‘ரைட் டு வொர்க்’ சட்டங்களை அதில் ‘வேலைக்கான உரிமைச் சட்டங்கள்’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் பிழையில்லை. ஆனால், அதைப் படித்த என் நண்பர் ஒருவர், “அமெரிக்காவில் பாதி மாநிலங்களில் எல்லோருக்கும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதாமே” என்று வியந்து சொன்னபோது, இதை எழுதாமல் விடக் கூடாது என்று தோன்றியது. நம் நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு பொருள் உண்டு; அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு பேசுவதும், 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டம் ஓரளவுக்குக் கையில் கொடுத்ததும் அதுதான். அமெரிக்கச் சட்டமோ யாருக்கும் வேலை தருவதில்லை, இருக்கிற வேலையைக் காப்பாற்றித் தருவதுமில்லை. சங்கத்துக்குப் பணம் கட்ட மறுக்கிறார் என்பதற்காக ஒருவரை வேலையை விட்டு அனுப்பும்படி நிர்வாகமும் சங்கமும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளக் கூடாது என்பது மட்டுமே அதன் சாரம்.

இந்தப் பெயரைச் சூட்டியவரும் ஒரு பத்திரிகையாளர்தான் என்பதால் தாங்கள் இதை ரசிக்கக்கூடும். 1941 செப்டம்பர் 1 அன்று, அதாவது அமெரிக்கத் தொழிலாளர் தினத்தன்று, டெக்சாஸின் ‘டல்லஸ் மார்னிங் நியூஸ்’ நாளிதழில் தலையங்கம் எழுதிய வில்லியம் ரகிள்ஸ் என்பவர், சங்கத்தில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வேலை செய்யலாம் என்று அரசியலமைப்பிலேயே திருத்தம் வேண்டும் என்றார். வான்ஸ் மியூஸ் என்ற பிரசாரகர் அந்தக் கருத்தைத் தூக்கிக்கொண்டு தென் மாநிலங்களெங்கும் அலைந்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே சங்கத்தில் சரிசமமாக உட்கார வேண்டிவரும் என்ற அச்சத்தைக் கிளப்பியதும் அவருடைய பிரசாரத்தின் ஒரு பகுதி. 1944இல் ஆர்கன்சாவும் ஃப்ளோரிடாவும் முதலில் இதை ஏற்றன. 1947இல் அதிபர் ட்ரூமனின் மறுப்பாணையை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய டாஃப்ட்-ஹார்ட்லி சட்டத்தின் 14(பி) பிரிவு, இத்தகைய தடையை விதிக்கும் அதிகாரத்தை அந்தந்த மாநிலத்துக்கே விட்டது. இன்று 26 மாநிலங்களில் அந்தத் தடை இருக்கிறது. இந்தப் பொய்யான முழக்கத்தைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள் என்று 1961இல் மார்ட்டின் லூதர் கிங் எச்சரித்ததற்கு இந்தப் பூர்வீகமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பூர்வீகம் கெட்டது என்பதாலேயே ஒரு சட்டம் கெட்டதாகிவிடாது. எனவே அதன் நடைமுறைக்கு வருகிறேன். தங்கள் கட்டுரையில் விடுபட்டுப் போனதும் இந்தப் பகுதிதான்.

அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலையில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் ஒரு சங்கத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால், 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டப்படி அந்தச் சங்கம் ஒன்றுதான் அங்குள்ள அனைவருக்கும் பிரதிநிதி. வாக்களித்தவர், எதிர்த்தவர், நாளை புதிதாக வேலைக்கு வரப்போகிறவர் என எல்லோருக்கும் அது போடும் ஒப்பந்தமே பொருந்தும். அந்தத் தனியுரிமையோடு ஒரு கடமையும் ஒட்டிக்கொண்டு வந்தது. லூயிவில்-நாஷ்வில் ரயில் நிறுவனத்தில், நீராவி எஞ்சினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேனாக இருந்தவர் பெஸ்டர் ஸ்டீல் என்ற கறுப்பினத் தொழிலாளி. ஃபயர்மேன்களுக்கான சங்கம் கறுப்பர்களை உறுப்பினராகவே சேர்க்காது. ஆனால் ரயில் துறைக்கென்று இருந்த தனித் தொழிலாளர் சட்டப்படி அவருக்கும் அதுதான் பிரதிநிதி. அந்தச் சங்கம் 1941இல் நிர்வாகத்தோடு போட்ட ஒப்பந்தம், கறுப்பர்களை நல்ல வண்டிகளிலிருந்து படிப்படியாக ஒதுக்கிவைத்தது. பயணிகள் ரயிலில் ஓடிக்கொண்டிருந்த ஸ்டீல், கடினமான, வசதி குறைந்த வேலைக்குத் தள்ளப்பட்டார். அவருக்காகச் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் வாதாடிய வழக்கில், எல்லோருக்கும் பிரதிநிதி என்ற அதிகாரத்தைப் பெற்றுக்கொண்ட சங்கம், உறுப்பினர் அல்லாதவருக்கும் பாகுபாடின்றி, நேர்மையாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டது என்று 1944 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று சந்தா கட்டாத ஒருவர் மீது நிர்வாகம் நடவடிக்கை எடுத்தால், அவர் பணம் தரவில்லை என்ற காரணத்துக்காகச் சங்கம் அவரைக் கைவிட முடியாது. நடுவர் விசாரணை வரை போனால் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும். அதையும் சந்தா கட்டியவர்களின் நிதியிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.

இது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது, பல ஆண்டுகள் எங்கள் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தேன். சம்பள நாளன்று கேன்டீன் வாசலில் ரசீதுப் புத்தகமும் கார்பன் தாளுமாக உட்கார்ந்திருப்பேன். லேத் பிரிவுத் தோழர் ஒருவர் மாதம் தவறாமல் என்னைக் கடக்கும்போது, “அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணே” என்று சொல்லிவிட்டுப் போவார். ஒருநாள் அழுத்திக் கேட்டபோது, “எனக்காக ஒப்பந்தம் போடுங்கன்னு நான் உங்களைக் கேட்டனா?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றைய தொழிற்தகராறு சட்டத்தின்படி, சமரச அதிகாரி முன்னிலையில் போடும் 12(3) ஒப்பந்தம் சங்கத்தில் இல்லாதவர் உட்பட எல்லோரையும் கட்டுப்படுத்தும். நேரடியாகப் பேசிப் போடும் 18(1) ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளை மட்டுமே கட்டுப்படுத்தும். நாங்கள் போட்டது 12(3). சந்தா கட்டாமலேயே அவருக்கும் ஊதிய உயர்வு வந்தது.

பிறகு, இரவு ஷிப்டில் தூங்கினார் என்று அவருக்கு மெமோ வந்தது. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்த அந்தக் காகிதத்தோடு இரவு பத்து மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார். உள்விசாரணையில் அவருக்குத் துணையாக எங்கள் செயலாளர் உட்கார்ந்தார்; அதற்காக அவர் இழந்த இரண்டு நாள் சம்பளத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுத்தோம். வேலை தப்பியது. தோழர் அதற்குப் பிறகு மூன்று மாதம் சந்தா கட்டினார், நான்காம் மாதம் மீண்டும் “அடுத்த மாசம்” ஆகிவிட்டது. ஆனால், அவரை ஏற்பதும் மறுப்பதும் எங்கள் விருப்பமாக இருந்தது. எந்தச் சட்டமும் எங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அமெரிக்கச் சங்கத்துக்கு அந்த விருப்பம் கிடையாது. சேவையைக் கட்டாயமாக்கிவிட்டு, அதற்கான செலவைப் பகிர்ந்துகொள்வதை மட்டும் விருப்பமாக்குவது நியாயமில்லை என்பதே நான் சொல்ல வருவது.

கட்டணம் என்று சொல்லும்போது இன்னொரு தவறையும் சுட்டிக்காட்ட வேண்டும். இந்தத் தடை இல்லாத மாநிலங்களில் தொழிலாளர்கள் ‘சங்கத்தில் சேரக் கட்டாயப்படுத்தப்படுகிறார்கள்’ என்று தங்கள் கட்டுரை கூறுகிறது. நடைமுறை அப்படியல்ல. உறுப்பினராகாமல் இருக்க எவருக்கும் உரிமை உண்டு. அப்படி இருப்பவரிடம் பேச்சுவார்த்தைக்கும் ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கும் ஆகும் செலவின் பங்கை மட்டும்தான் கேட்கலாம், அரசியல் செலவுக்கு அவருடைய பணத்தைத் தொடக் கூடாது என்று தனியார் துறை பற்றிய 1988ஆம் ஆண்டு பெக் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வரையறுத்துவிட்டது.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இலினாய் மாநிலத்தில் குழந்தைப் பராமரிப்புத் தொகைத் துறையில் பணியாற்றிய மார்க் ஜேனஸ் என்ற அரசு ஊழியரின் சம்பளத்திலிருந்து மாதம் சுமார் 45 டாலர் பிடித்தார்கள். மாநில அரசின் கஜானா தள்ளாடும் வேளையில் சங்கம் முன்வைக்கும் கோரிக்கைகளுக்குத் தான் உடன்படவில்லை, அதற்கு ஏன் பணம் தர வேண்டும் என்று அவர் கேட்டார். அரசோடு பேசும் ஊதியமே பொதுப் பணத்தைப் பற்றிய பேச்சு என்பதால், அங்கே பேச்சுவார்த்தைச் செலவையும் அரசியலையும் பிரித்துப் பார்க்க முடியாது என்று 2018 ஜூன் 27 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அரசு ஊழியர்களிடமும் பேச்சுவார்த்தைச் செலவின் பங்கை வாங்கலாம் என்று டெட்ராய்ட் ஆசிரியர்கள் வழக்கில் 1977இல் தானே சொன்னதை அந்த நீதிமன்றம் கைவிட்டு, நாடெங்கும் அரசு ஊழியர்களிடம் கட்டாயக் கட்டணம் வாங்குவதை நிறுத்தியது. அதைப் படித்தபோது எனக்கு லேத் பிரிவுத் தோழரின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை இந்த வாதத்தை என்னால் எளிதில் ஒதுக்க முடியவில்லை.

ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தின் முன்னாள் தலைவர்கள் இருவர், உறுப்பினர்களின் பணத்தைச் சொகுசு விடுதிகளுக்கும் கோல்ஃபுக்கும் சுருட்டுக்கும் செலவழித்த வழக்கில் 2020இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றதையும் மறைப்பதற்கில்லை. ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்த எவருக்கும் இதைப் படித்தால் வயிறு எரியும். இலவசமாக அனைவரையும் சுமக்கிறோம் என்று புலம்பும் சங்கங்கள், ‘அப்படியானால் உறுப்பினர்களுக்கு மட்டும் பேசுங்கள்’ என்றால் தனியுரிமையை விடத் தயாராக இல்லை என்று எதிர்ப்பாளர்கள் கூறுவதும் உண்மைதான். ஆனால், ஒரே கேட்டில் நாலைந்து கொடிக்கம்பங்கள் நிற்பதையும், நிர்வாகம் ஒரு கொடியைக் காட்டி இன்னொரு கொடியை மிரட்டுவதையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், அந்தப் பரிகாரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தச் சட்டம் வந்தால் சங்கம் அழிந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. நெவாடாவில் 1950களிலிருந்தே தடை இருக்கிறது. இருந்தும் லாஸ் வேகஸ் விடுதிகளின் சமையல் தொழிலாளர் சங்கம் ஏறத்தாழ 60,000 பேருடன் நாட்டின் வலுவான சங்கங்களில் ஒன்றாக நிற்கிறது. தடையுள்ள டென்னசியின் சட்டனூகா நகரில் உள்ள ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2014இலும் 2019இலும் தோற்ற வாகனத் தொழிலாளர் சங்கம், 2024 ஏப்ரலில் 985க்கு எதிராக 2,628 வாக்குகள் பெற்று வென்றது. மக்களும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. மிசூரியில் சட்டமன்றம் கொண்டுவந்த தடையை 2018 ஆகஸ்டில் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நிராகரித்தார்கள். டென்னசியிலோ 2022இல் அதை அரசியலமைப்பிலேயே எழுதிவைக்க வாக்களித்தார்கள். மிச்சிகன், வாகனத் தொழிற்சங்கத்தின் தாய்வீடாக இருந்தும், 2012 டிசம்பரில் லான்சிங் நகரத் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் நின்று எதிர்த்துக்கொண்டிருக்கும்போதே தடையைக் கொண்டுவந்தது. பிறகு 2023இல் அதை நீக்கச் சட்டம் இயற்றியது. 2024 பிப்ரவரி 13 முதல் அங்கே தனியார் துறைச் சங்கங்கள் மீண்டும் கட்டணம் கேட்கலாம். 1965இல் இண்டியானா நீக்கியதற்குப் பிறகு இப்படித் திரும்பி வந்த முதல் மாநிலம் மிச்சிகன். இண்டியானாவோ 2012இல் மீண்டும் தடையைக் கொண்டுவந்துவிட்டது!

இவ்வளவு தூரத்துச் செய்தி நமக்கு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 நவம்பர் 21 முதல் இங்கே நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஓர் ஆலையில் பல சங்கங்கள் இருந்தால், தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே அங்கு பேச்சுவார்த்தை நடத்தும் ஒரே சங்கம். மீதி 49 விழுக்காட்டினரின் மெமோவுக்கும் விசாரணைக்கும் யார் போவது, அந்தச் செலவை எந்த ரசீதுப் புத்தகத்திலிருந்து எடுப்பது என்ற கேள்வி அம்பத்தூர் கேன்டீன் வாசலுக்கு வர அதிக நாளாகாது. அதைப் பற்றித் தங்கள் நாளிதழ் எழுதும்போது, ‘வேலைக்கான உரிமைச் சட்டம்’ என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, ‘சங்கக் கட்டணத் தடைச் சட்டம்’ என்றோ அதைவிட நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைக் கண்டோ பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை.