சீகன்பால்கு டேனிஷ்காரர் அல்லர், புல்ஸ்நிட்ஸ் ஊர்க்காரர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த இதழில் வெளியான தரங்கம்பாடிக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கோட்டையையும் கடல் அரித்த கரையையும் கட்டுரையாளர் கண்முன் நிறுத்திவிட்டார். ஆனால் ஓரிடத்தில் 'டேனிஷ் பாதிரியார் சீகன்பால்கு' என்று எழுதியிருக்கிறார். பலரும் செய்கிற பிழைதான் இது. தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் வசம் இருந்தது. அவரை அனுப்பியவரும் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். எனவே அவரும் அந்த நாட்டவர் என்று நாமே முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையில் அவர் ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் 1682ஆம் ஆண்டு பிறந்தவர். 1706இல் அவருடன் வந்து இறங்கிய புளூட்சோவும் ஜெர்மானியரே.

நான் மயிலாடுதுறைக்காரன். சிறுவயது முதல் தரங்கம்பாடிக்குப் போய்வருகிறவன். டிரெஸ்டனில் வசிக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, புல்ஸ்நிட்ஸைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தேன். காமென்ஸ் செல்லும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். எட்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். சுற்றிலும் தாழ்வான குன்றுகள், காடு, வயல்.

ஊரின் பெயரே அங்கே ஓடும் சிற்றாற்றின் பெயர்தான். குறுகலான அந்த ஆறுதான் ஒரு காலத்தில் மைசன் நாட்டுக்கும் மேல் லாவுசிட்ஸ் நாட்டுக்கும் எல்லை. லாவுசிட்ஸ் போஹீமிய (இன்றைய செக் நாட்டுப் பகுதி) மன்னர்களுக்கு உட்பட்டிருந்தது. 1635இல்தான் சாக்சனியோடு சேர்ந்தது. எல்லை அழிந்து நூற்றாண்டுகள் ஆகியும், ஆற்றின் மறுகரைக்கு இன்றும் 'மைசன் பக்கம்' என்றே பெயர். இதைக் கேட்டதும் எனக்கு மெய்சிலிர்த்தது. அரசுகள் போய்விட்டன, பேச்சில் மட்டும் எல்லை நிற்கிறது!

நாங்கள் போனது நவம்பர் முதல் வாரக் கடைசியில். ஊர் முழுவதும் கிராம்பும் பட்டையும் மணத்தன. அங்கே ஆண்டுதோறும் மிளகுக் கேக் சந்தை கூடுகிற நாட்கள் அவை. பெயரில்தான் மிளகு. கப்பலில் வந்த மசாலாப் பொருள் எதுவானாலும் அக்காலத்து ஜெர்மானியர் 'மிளகு' என்றே சொல்வார்களாம். இந்தக் கேக்கைச் சுட 1558ஆம் ஆண்டு இவ்வூர் ரொட்டிக்காரர்களுக்கு அனுமதி கிடைத்தது. அன்றிலிருந்து இதுவே ஊரின் அடையாளம். மாவில் முட்டை இல்லை, பால் இல்லை, கொழுப்பும் இல்லை. மாவோடு தேன் அல்லது சர்க்கரைப் பாகு மட்டும். பிசைந்த மாவை உடனே அடுப்பில் வைப்பதில்லை. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் அப்படியே ஊறவிடுகிறார்கள். மசாலாவின் அளவு ஒவ்வொரு குடும்பமும் பொத்திக்காக்கும் ரகசியம். இதைச் செய்பவர்களுக்கென்று தனித் தொழிற்பெயர்கூட உண்டு. அந்தப் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன்.

இன்னொரு தொழில், நீல அச்சுத் துணி. வெள்ளைத் துணியில் மர அச்சுக் கட்டையால் ஒரு பசையை ஒற்றுகிறார்கள். பிறகு அவுரிச் சாயத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். வெளியே வரும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். பசையைக் கழுவினால் அது இருந்த இடமெல்லாம் வெள்ளைப் பூக்கள். ஜெர்மனி உள்ளிட்ட ஐந்து நாடுகளின் இந்தக் கைத்தொழிலை யுனெஸ்கோ 2018இல் மரபுச் செல்வமாக ஏற்றது. அவர்கள் சாயத்தை அழைக்கும் 'இண்டிகோ' என்ற சொல்லே 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற பொருளில் பிறந்ததுதான்.

சந்தைச் சதுக்கத்தில் நிற்பது சிற்பி எர்ன்ஸ்ட் ரீட்ஷெலின் சிலை. 1804இல் இவ்வூரின் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியின் வைமார் நகர நாடக அரங்கின் முன் ஜெர்மன் கவிஞர்கள் கதேயும் ஷில்லரும் சேர்ந்து நிற்கும் புகழ்பெற்ற சிலை இவர் வடித்தது. அருகே புனித நிக்கோலஸ் தேவாலயம். போஹீமியச் சமயச் சீர்திருத்தக் குழுவினரான ஹுசைட்டுகளின் போர்க் காலத்துக் (15ஆம் நூற்றாண்டு) களஞ்சியம் ஒன்றும் ஊரில் இருக்கிறது.

இந்தச் சிற்றூரிலிருந்துதான் பெற்றோரை இளமையிலேயே இழந்த ஒரு பிள்ளை காமென்ஸிலும் கெர்லிட்ஸிலும் ஹாலேயிலும் படித்து, கடல் கடந்து நம் கரைக்கு வந்தார். வந்து இரண்டே ஆண்டுகளில் நீதிவெண்பாவையும் கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். லத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் 1716இல் ஹாலேயில் அச்சானது. 1719இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்தார். அவர் கட்டிய புது எருசலேம் ஆலயத்துக்குள்தான் அவருடைய கல்லறையும் இருக்கிறது. அதன் முன் பலமுறை நின்றிருக்கிறேன். அவர் பிறந்த ஊரின் தெருக்களில் நடந்தபின் இந்த ஆண்டு மறுபடி போய் நின்றபோது, ஒரு பக்கத்து ஊர்க்காரரைப் பார்க்க வந்ததுபோல் இருந்தது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த இதழில் 'டேனிஷ் பாதிரியார்' என்பதை 'புல்ஸ்நிட்ஸில் பிறந்த ஜெர்மானியர்' என்று திருத்தி வெளியிடுங்கள். கட்டுரையாளர் ஜெர்மனிப் பக்கம் போனால் டிரெஸ்டனோடு திரும்பிவிடாமல், அந்தக் காமென்ஸ் ரயிலிலும் ஒருமுறை ஏறட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மயிலாடுதுறை